இட்லிக்கு எத்தனை மெகாபிக்சல்?

சென்ற ஆண்டு கோவையில் ஓர் உணவக உரிமையாளர், திறக்கப்போகும் புதிய கிளையின் சுவருக்கு ஒரு நெய் ரோஸ்ட் படம் கேட்டார். ஆறடி அகலம், நாலரை அடி உயரம், பின்னாலிருந்து விளக்கெரியும் பலகை. சாலையோர விளம்பரப் பலகை என்றால் கவலையே இல்லை. நூறடி தள்ளி நின்று பார்ப்பதற்கு எந்தக் கேமராவும் போதும். இதுவோ மேசையை ஒட்டிய சுவர். சாப்பிடுகிறவரின் முழங்கைக்கும் படத்துக்கும் நடுவே இரண்டடி இருந்தால் அதிகம். தோசை வரும்வரை மனிதர்கள் சுவரைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவ்வளவு அருகில் பார்க்கும்போது உறுத்தாமல் இருக்க அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும் என்றார் நான் வழக்கமாகப் போகும் அச்சகக்காரர். 72 அங்குல அகலத்துக்கு 10,800 புள்ளி, 54 அங்குல உயரத்துக்கு 8,100 புள்ளி. என்னிடம் இருந்தது நிகான் இசட்8. அதன் படம் 8,256க்கு 5,504. பலகையின் 4:3 வடிவத்துக்கு வெட்டினால் அகலத்தில் 7,300 சொச்சம்தான் மிஞ்சும்; அங்குலத்துக்கு 102 புள்ளி. ஃபியூஜிஃபிலிமின் 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் (இன்னும் பெரிய சென்சார் கொண்ட) கேமராக்களில் படம் 11,648க்கு 8,736. வெட்டவே தேவையில்லை, 162 புள்ளி நிற்கிறது.

அந்த வேலையை வாடகைக் கேமராவில் முடித்தேன். ஆனால் சொந்தமாக வாங்கலாமா என்ற அரிப்பு நான்கு மாதம் விடவில்லை. இசட்8 போன்ற ஃபுல் ஃப்ரேமிலேயே (36க்கு 24 மி.மீ. சென்சார்) இருப்பதா, 50 மெகாபிக்சலா, 100 மெகாபிக்சலா, ஹேசல்பிளாடா என்று மாற்றி மாற்றி எடைபோட்டதில் ஒன்று மட்டும் தெளிவானது: கேமராவின் உடலைப் பார்த்துத் தொடங்கியதால்தான் முதல் இரண்டு மாதம் வீணாயிற்று. உணவுப் படத்துக்கு முதலில் மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ், பிறகு டில்ட் எனப்படும் லென்ஸைச் சாய்க்கும் வசதி, பிறகு லேப்டாப்புக்குப் போகும் கேபிள். உடல் கடைசி.

அதற்கு முன் ஒரு குளிர்ந்த தண்ணீர். மீடியம் ஃபார்மட் நம்மில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. மசாலா பாக்கெட்டின் முகப்பு 15 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 1,800 புள்ளிக்குள் வேலை முடிந்துவிடும். உணவு டெலிவரிச் செயலிகளில் பிரியாணி ஒரு தீப்பெட்டி அளவில்தான் தெரிகிறது. சமூக ஊடகத்துக்குக் கேட்கிறவர்கள் 1,080 புள்ளி அகலத்துக்கு மேல் கேட்பதில்லை. உங்கள் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு இவற்றிலிருந்து வருகிறது என்றால், கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல ஃப்ளாஷும் ஒரு டில்ட் லென்ஸும் வாங்குங்கள். படத்தில் தெரியும் மாற்றம் அதில்தான் அதிகம்.

ஒரே தறி, பெரிய துண்டு

மீடியம் ஃபார்மட் என்ற பெயரைக் கேட்டதும் பழைய 120 ஃபிலிம் காலத்தின் கம்பீரம் நினைவுக்கு வரும். அந்தக் கணக்கில் மிகச் சிறியதான 645 சட்டமே ஏறக்குறைய 56க்கு 41.5 மி.மீ. இன்று ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸிலும் ஹேசல்பிளாட் எக்ஸ் வரிசையிலும் இருப்பது 43.8க்கு 32.9 மி.மீ. சென்சார். ஃபுல் ஃப்ரேமைவிடப் பரப்பில் 1.67 மடங்கு பெரிது. ஒளிக் கணக்கில் சொன்னால் முக்கால் ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு). பேஸ் ஒன் நிறுவனத்தின் ஐக்யூ4 டிஜிட்டல் பேக் (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பெட்டி) மட்டும் 53.4க்கு 40 மி.மீ. வரை போகிறது.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. 100 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸின் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். சோனி ஏ7ஆர் 5இன் 61 மெகாபிக்சல் சென்சாரிலும் அதே 3.76. பேஸ் ஒன்னின் 150 மெகாபிக்சலிலும் அதேதான். ஒரே தறியில், ஒரே நூலில் நெய்த துணி. ஒருவருக்குத் துண்டு, ஒருவருக்கு வேட்டி, ஒருவருக்கு ஜமக்காளம். நூலின் தரத்தில் மந்திரம் எதுவும் இல்லை.

இதைவிடக் கசப்பான கணக்கு 50 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸுடையது. அதன் படம் 8,256க்கு 6,192. அகலம் என் இசட்8இன் அகலமேதான், ஒரு புள்ளிகூட அதிகமில்லை. சோனி ஏ7ஆர் 5இன் 9,504க்கு 6,336ஐ 4:3 ஆக வெட்டினால் 8,448க்கு 6,336 கிடைக்கும்; 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட்டைவிட ஒரு பிடி அதிகம். ஆக, மெகாபிக்சலுக்காக ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2 வாங்குவதில் அர்த்தமில்லை.

வடிவத்தில் மட்டும் 4:3க்கு ஒரு நிஜமான சாதகம் இருக்கிறது. நிற்கவைத்து எடுத்த படத்தை 4:5க்கு வெட்டும்போது 4:3 சென்சார் ஆறு சதவீதம் சொச்சத்தைத்தான் இழக்கிறது. 3:2 சென்சார் ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. தட்டு வட்டம், இலை நீளம், டபரா குட்டை. 3:2 சட்டத்தில் இவற்றுக்கு மேலும் கீழும் எதையாவது வைத்து நிரப்பிக்கொண்டே இருந்த ஆண்டுகள் எனக்கு நினைவிருக்கின்றன. கறிவேப்பிலைக் கொத்துக்கு அந்த வகையில் நிறைய வேலை கொடுத்திருக்கிறேன்.

எட்டு சென்டிமீட்டர்

லென்ஸுக்கு வருவோம். ஜிஎஃப்எக்ஸுக்கான ஜிஎஃப் லென்ஸ் வரிசையில் எல்லோரும் புகழ்வது 80 மி.மீ. எஃப்/1.7, 110 மி.மீ. எஃப்/2. இரண்டும் முகங்களுக்கு அற்புதமானவை. 110ஐ வைத்துக்கொண்டு 90 சென்டிமீட்டருக்கு உள்ளே நெருங்க முடியாது. ஒரு கிண்ணம் வற்றல் குழம்பை 90 சென்டிமீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கிண்ணமும் மேசையும் வரும். மிதக்கும் சுண்டைக்காய் வராது.

அதனால் உணவுக்கு ஜிஎஃப்எக்ஸ் என்றால் ஜிஎஃப் 120 மி.மீ. எஃப்/4 மேக்ரோ என்றே படிக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் வரை நெருங்கும், பாதியளவு உருப்பெருக்கம் தரும். ஹேசல்பிளாடின் எக்ஸ்சிடி 120 மி.மீ. எஃப்/3.5 மேக்ரோவும் பாதியளவுதான். பாதியளவு என்றால் பொருளின் பிம்பம் சென்சாரில் பாதி அளவில் விழும்; சட்டத்தில் அடங்கும் அகலம் 8.8 சென்டிமீட்டர். ஒரு இட்லியின் குறுக்களவு ஏறக்குறைய எட்டு. இட்லி சட்டத்தை நிறைத்து உட்காரும். அத்துடன் லென்ஸின் எல்லை முடிந்தது. சட்னியில் தாளித்த கடுகை மட்டும் தனியாக எடுக்க வேண்டுமானால் ஃபியூஜிஃபிலிம் விற்கும் 45 மி.மீ. நீட்டிப்பு வளையத்தை இடையில் மாட்டி இயல்பளவை நெருங்கலாம். ஃபுல் ஃப்ரேமில் எந்தச் சாதாரண 100 மி.மீ. மேக்ரோவும் வளையம் இல்லாமலே இயல்பளவு தருகிறது. பெரிய சென்சார் வாங்கினால் எல்லாம் பெரிதாகும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது கூர்மை நிற்கும் ஆழம். இதைத்தான் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். 30 சென்டிமீட்டர் தாலித் தட்டு ஒன்றை, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு, 45 டிகிரி சாய்வில் பார்க்கிறோம். மீடியம் ஃபார்மட்டில் லென்ஸின் துளையை எஃப்/11 வரை சுருக்கி வைத்தாலும் கூர்மை நிற்பது முன்னும் பின்னுமாக ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர். ஃபுல் ஃப்ரேமில் அதே எஃப்/11இல் ஏழு. 100 மெகாபிக்சலைப் பெரிதாக்கி உற்றுப் பார்க்கும்போது அந்த ஆறும் இன்னும் சுருங்கும். இன்னும் சிறிய எஃப்/22 துளைக்குப் போனால் அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) எல்லாவற்றையும் மெல்ல மங்கச் செய்துவிடும். கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கம் அங்கேயே கரைந்துபோகும்.

பின்னணி மங்கலாகக் கரைவதுதான் மீடியம் ஃபார்மட்டின் அழகு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உணவக உரிமையாளரிடம் அப்படி ஒரு படத்தைக் காட்டிப் பாருங்கள். வடை தெரிகிறது, பொங்கல் எங்கே என்பார்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று ஃபோகஸ் ஸ்டாக்கிங்: ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒட்டுவது. ஜிஎஃப்எக்ஸிலும் ஹேசல்பிளாட் எக்ஸ்2டியிலும் ஃபோகஸை நகர்த்திப் படங்களை எடுப்பதைக் கேமராவே செய்துகொள்ளும்; ஒட்டுவது கணினியில். அசையாத உணவுக்கு நல்ல வழி. ஃபில்டர் காபிக்கு இதைச் செய்து பார்த்தேன், பன்னிரண்டு படங்கள். டபராவின் ஓரத்தில் ஒரு பெரிய நுரைக் குமிழ் மூன்றாவது படத்தில் இருந்தது, நான்காவதில் இல்லை. ஒட்டியபோது அந்த இடத்தில் பாதிக் குமிழும் பாதிப் பள்ளமுமாக ஏதோ ஒன்று முளைத்தது. ஆவி, வழியும் நெய், வாடிச் சரியும் கொத்தமல்லி எல்லாமே இப்படித்தான்.

இன்னொன்று டில்ட். லென்ஸைச் சாய்த்துக் கூர்மைத் தளத்தையே தட்டின் மேல் படுக்கவைப்பது. ஆஸ்திரியப் படையதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக்கின் பெயரில் வழங்கும் விதி இது. நூறு ஆண்டுக்கு மேல் பழையது. பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) வைத்த பெரிய ஃபிலிம் கேமராக்களில் உணவை எடுத்த தலைமுறை ஒவ்வொரு படத்திலும் இதைச் செய்தது. ஃபியூஜிஃபிலிம் 2023இல் ஜிஎஃப் 110 மி.மீ. எஃப்/5.6 டில்ட்-ஷிஃப்ட் மேக்ரோவைக் கொண்டுவந்தது. பத்து டிகிரி வரை சாயும், பாதியளவு வரை நெருங்கும். உணவுக்கென்றே செய்தது போன்ற லென்ஸ். வந்தபோதே விலை சுமார் 3,500 டாலர் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. அதற்குக் கைகொடுக்க, கேனானின் 90 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் மேக்ரோவை இணைப்பு வளையத்தால் ஜிஎஃப்எக்ஸில் மாட்டலாம். அந்த லென்ஸ் விழவைக்கும் ஒளிவட்டம் இந்தச் சென்சாருக்கும் போதுமான அளவு பெரியது. கேம்போ ஆக்டஸ் போன்ற சிறிய பெல்லோஸ் சட்டத்தின் பின்னால் ஜிஎஃப்எக்ஸைப் பொருத்தி வேலை செய்கிறவர்களும் உண்டு. பொறுமைசாலிகள்.

உடல்கள்

இனி உடல்களைப் பார்க்கலாம். டில்ட், ஃப்ளாஷ், கேபிள் என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

ஹேசல்பிளாட் எக்ஸ்2டி 100சி 2022இல் வந்தது. கையில் எடுத்த நிமிடம் மனம் கெட்டுவிடும். அவ்வளவு அழகு. உள்ளேயே 1 டெராபைட் சேமிப்பு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 64இலிருந்து தொடக்கம், தொட்டு நகர்த்தினால் புரிந்துவிடும் மெனு. ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் 120 மேக்ரோவில் ஃப்ளாஷை 1/2000 நொடி வரை இணைக்கலாம். ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் அது 1/125 மட்டுமே. நான்கு ஸ்டாப் வித்தியாசம். பகல் வெயில் கொட்டும் உணவகத்தில், சன்னல்களை மூட உரிமையாளர் சம்மதிக்காதபோது, இந்த நான்கு ஸ்டாப்பின் அருமை தெரியும். இருட்டடித்த ஸ்டுடியோவில் அதற்கு வேலையே இல்லை. தயிர் சிதறுவதையோ தேன் வழிவதையோ உறையவைப்பது ஷட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டறையில் அந்த வேலையைச் செய்வது ஃப்ளாஷ் எரிந்து அணையும் நேரம். குறைந்த சக்தியில் எரியும் சிறிய ஃப்ளாஷ் ஒன்று அதற்குப் போதும்.

ஹேசல்பிளாடில் என்னைத் தடுத்தவை வேறு. எக்ஸ்சிடி வரிசையில் டில்ட் லென்ஸ் இல்லை. வேறு நிறுவனத்தின் டில்ட் லென்ஸை மாட்டினால் அதற்குள் ஷட்டர் கிடையாது. எலெக்ட்ரானிக் ஷட்டர்தான் வேலை செய்யும், அதில் ஃப்ளாஷ் எரியாது. எந்தச் சாதகத்துக்காக வாங்கினோமோ அது டில்ட் தேவைப்படும் அன்று காணாமல் போகிறது. வீடியோ அறவே இல்லை. இது கலைஞர்களுக்குப் பெருமையாக இருக்கலாம். எனக்கு வரும் உணவக வேலைகளில் பாதிக்கு மேல், “அப்படியே பதினைந்து நொடி ரீல்ஸ் ஒன்று” என்றுதான் முடிகின்றன. அதற்கென்று இன்னொரு கேமராவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதோடு, கேப்சர் ஒன் மென்பொருள் நீண்ட காலம் ஹேசல்பிளாட் கோப்புகளைத் திறக்காமலே இருந்தது. நிறுவனத்தின் சொந்த மென்பொருளான ஃபோகஸில் (Phocus) வேலை செய்ய வேண்டியிருந்தது. நிறத்தில் அது குறை வைப்பதில்லை. என் கை கேப்சர் ஒன்னில் பழகியது, அவ்வளவே.

ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2 இன்று கிடைப்பது பெரும்பாலும் பழைய பொருள் சந்தையில். மெகாபிக்சல் கணக்கை மேலே பார்த்தோம். மாறுபாட்டை அளந்து ஃபோகஸ் செய்வதால் மெதுவானது. ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கும் தட்டில் இருக்கும் பணியாரத்துக்கும் அந்த மெத்தனம் பெரிதில்லை. என்னை யோசிக்கவைத்தது துணி. கைத்தறித் துண்டை மேசையில் விரித்து எடுத்தபோது நெசவின் மேல் பச்சையும் ஊதாவுமாக அலைகள் ஓடின. பிக்சல் பெரிதாக இருந்து, அலையைத் தடுக்கும் வடிகட்டியும் இல்லாதபோது இது நேரும். 100 மெகாபிக்சலில் குறைவு; முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 2021இல் 5,999 டாலருக்கு வந்தது. 100எஸ் 2 என்ற அடுத்தது 2024இல், விலை குறைந்து 4,999க்கு வந்தது. இரண்டுக்கும் 102 மெகாபிக்சல். புதியதில் ஐஎஸ்ஓ 80 உண்டு, நொடிக்கு ஐந்து படம் என்பது ஏழாகிறது, ஃபோகஸ் வேகம் கூடியிருக்கிறது. மேசையில் அசையாமல் இருக்கும் உணவுக்கு இவற்றில் எதுவும் பெரிய காரணம் இல்லை. நல்ல நிலையில் பழைய 100எஸ் கிடைத்து, மிச்சமாகும் பணம் 120 மேக்ரோவுக்குப் போகுமானால் அதுதான் சரியான கணக்கு. ஜிஎஃப்எக்ஸ் 100 2 (GFX100 II) என்ற பெரிய உடல் 8கே வீடியோ எடுக்கும். வீடியோவே முதல் தொழில் என்பவர்களுக்கு அது. 100ஆர்எஃப் 35 மி.மீ. லென்ஸைக் கழற்ற முடியாமல் பதித்து வருகிறது. தெருவுக்குப் போகலாம், தட்டுக்கு வராது.

பேஸ் ஒன் பற்றி ஒரு பத்தி போதும். ஐக்யூ4ஐப் பெல்லோஸ் கேமராவின் பின்னால் மாட்டினால் எந்த லென்ஸும் டில்ட் லென்ஸ்தான். ஷ்னைடர் 120 மேக்ரோ இயல்பளவு வரை போகும். முழுத் தொகுப்பின் விலை 50,000 டாலரைச் சுற்றி. வாங்க முடிந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சிசிடி என்ற பழைய வகை சென்சார் கொண்ட டிஜிட்டல் பேக்குகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். ஒரு காலத்தில் கார் விலைக்கு விற்ற டிஜிட்டல் பேக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். ஐஎஸ்ஓ 50இல் மாம்பழத்தின் மஞ்சள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. லேப்டாப்புடன் இணைக்க ஃபயர்வயர் கேபிள்தான் வழி. ஃபயர்வயர் துளை உள்ள லேப்டாப்பைத் தேடி, அதில் ஓடும் பழைய மென்பொருளைத் தேடி, ஒரு வாடிக்கையாளர் முன்னால் திரை நான்காவது முறை இருண்டபோது என் ஆசை தீர்ந்தது.

கேபிளும் வட்டும்

கேபிளைச் சொன்னேன் அல்லவா. உணவுப் படப்பிடிப்பில் கேமராவின் பின்திரையை யாரும் பார்ப்பதில்லை. சமையற்காரர், உரிமையாளர், விளம்பர நிறுவனத்திலிருந்து வந்த பெண் எல்லோரும் லேப்டாப் திரையைச் சுற்றி நிற்பார்கள். தோசையின் விளிம்பு ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர வேண்டும் என்பதை அங்கேதான் முடிவு செய்கிறோம். எக்ஸ்2டியின் ஒரு ரா கோப்பு (சென்சார் தந்த தரவு அப்படியே உள்ள கோப்பு) 206 எம்பி. ஜிஎஃப்எக்ஸில் சுருக்காமல் 16 பிட்டில் எடுத்தாலும் 200ஐத் தாண்டும். தரம் கெடாமல் சுருக்கும் வசதியைப் போட்டுக்கொண்டால் பாதியளவுக்கு வரும். போட்டுக்கொள்ளுங்கள். 14 பிட்டுக்கும் 16 பிட்டுக்கும் என் கண்ணால் வேறுபாடு காண முடியவில்லை. சுருக்காமல் பதினைந்து படம் ஸ்டாக் செய்தால் ஒரு ரசத்துக்கு 3 ஜிபி. கேமரா வாங்கிய கையோடு லேப்டாப்பும் மாற வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் 100எஸ் 2ஐயும் எக்ஸ்2டியையும் ஒன்றாக வாடகைக்கு எடுத்தேன், இரண்டுக்கும் 120 மேக்ரோ. பக்கத்தில் என் இசட்8. வெள்ளைத் தட்டில் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, மேலே ஒரு சன்னல் ஒளி. வெள்ளையின் மேல் வெள்ளையின் மேல் வெள்ளை. எந்தக் கேமராவையும் திணறவைக்கும் சோதனை இது. இட்லித் தட்டின் துணி பதிந்த வரிகள், ஆவி வெளியேறிய ஊசிமுனைத் துளைகள், சட்னியின் விளிம்பில் எண்ணெய் பிரிந்து நின்ற மெல்லிய வளையம்: மூன்றிலும் மூன்றும் தெரிந்தன. நிழல்களை ஏற்றியபோது மீடியம் ஃபார்மட் இரண்டிலும் இட்லியின் அடிப்பக்கச் சாம்பல் நிறம் சுத்தமாக எழுந்தது. இசட்8இல் கொஞ்சம் மணல் தூவியது போலிருந்தது. திரையில் இருமடங்கு பெரிதாக்கினால்தான் அதுவும். பெயர் சொல்லாமல் மூன்றையும் அச்சிட்டு உரிமையாளரிடம் காட்டினேன். அரைத்தாள் அளவில் அவரால் பிரிக்க முடியவில்லை. ஆறடிக்கு நீட்டிய துண்டை மேசை மேல் விரித்ததும் இசட்8ஐ விரலால் ஒதுக்கினார். மற்ற இரண்டில் ஹேசல்பிளாடின் படத்தை எடுத்து, “இதில் சட்னி வீட்டுச் சட்னி மாதிரி இருக்கிறது” என்றார். நிறத்தைச் சொல்கிறார். அதை ஃபியூஜியிலும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே குத்தியது.

கடைசியில் பழைய 100எஸ் ஒன்றும் 120 மேக்ரோவும் வாங்கினேன். கேனான் 90 டில்ட் லென்ஸைத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கிறேன். இசட்8 விற்கவில்லை, ரீல்ஸும் செயலிப் படங்களும் அதில்தான் ஓடுகின்றன, மாதத்தில் இருபது நாள் பையிலிருந்து வெளியே வருவதும் அதுதான். 100எஸ் வெளியே வருவது ஐந்தாறு நாள். அந்த உரிமையாளர் இப்போது மூன்றாவது கிளை திறக்கிறார். இந்த முறை சுவர் ஒன்பதடி.